கொடிக்கு எத்தனை கஜம்

முசரவாக்கம்
18.8.2024

அன்புத் தங்கை மரியம்மாளுக்கு அண்ணன் சத்யராஜ் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அண்ணியும் சிம்ரனும் சுகம். உன் மூட்டு வலி எப்படி இருக்கிறது? பூசைக்கு ஓஸ்தி அப்பம் சுடும் அடுப்புக்கு முன்னால் இன்னமும் நின்றுகொண்டே வேலை பார்க்கிறாயா, இல்லை ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தார்களா?

ஊரில் எல்லோர் கையிலும் போன் இருக்கும்போது நான் ஒருத்தன்தான் தபால் ஆபீஸுக்கு நடக்கிறேன். கவுன்டரில் இருக்கிற பெண், "இன்னாண்ணா, மாசா மாசம் யாருக்கு லெட்டரு?" என்று கேட்டது. மூடிய மடத்தில் இருக்கிற தங்கச்சிக்கு, அங்கே போன் கிடையாது, உள்ளே போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது, வெளியே வந்ததே இல்லை என்று சொன்னேன். அதற்குப் பிறகு கிண்டல் செய்வதில்லை. நான் கவரை நீட்டினால் போதும், ஸ்டாம்பை அதுவே ஒட்டிப் போட்டுவிடுகிறது.

நல்ல செய்தி. சிம்ரன் எங்கள் கோல்ஃப் மைதானத்துப் பெண்கள் போட்டியில் முதலாவதாக வந்தாள். கார் கம்பெனி அதிகாரிகளின் மனைவிமார் எல்லாம் அவளுக்குப் பின்னால்தான். பை தூக்கியது யார் என்று கேட்கிறாயா? அவள் அப்பன்தான். பத்து வயதிலிருந்து அவள் ஆடிய எந்தப் போட்டியிலும் இன்னொருவன் அவள் பையைத் தொட்டதில்லை.

கேடி என்றால் பை சுமக்கிறவன் என்று மட்டும் நினைக்காதே. நின்ற இடத்திலிருந்து, பந்து விழ வேண்டிய குழியில் நட்ட கொடிக்கு எத்தனை கஜம் என்று சொல்ல வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் எந்த மட்டை என்று முடிவாகும். பத்து கஜம் தப்பினால் பந்து மணலிலோ குளத்திலோ போய் விழும். இத்தனை வருஷம் கண்ணால் பார்த்துச் சொன்னேன். இப்போது அந்தத் தொல்லையும் விட்டது. காந்தி ரோட்டில் பட்டுக்கடை வைத்திருக்கிற குமாரவேல் ஐயா தெரியுமில்லையா, வீட்டில் இன்னும் ஆறு தறி ஓடுகிறது, வாரம் இரண்டு நாள் நம் மைதானத்தில் ஆடுகிறார். அவர் ஜப்பான் போய் வந்தபோது சிம்ரனுக்கு ஒரு லேசர் வாங்கி வந்தார். உள்ளங்கை அளவுதான். ஒரு கண்ணை வைத்துப் பார்த்து பட்டனை அமுக்கினால் தூரம் சிவப்பு எண்ணில் எரியும். கொடியைப் பிடித்துவிட்டால் கையிலேயே கிர்ரென்று அதிரும். பெரிய சௌகரியம்.

ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்.

உன் அண்ணன்
சத்யராஜ்


மடம்
8.9.2024, மாதா பிறந்த நாள்

என் பிரிய அண்ணனுக்கு, இயேசுவின் சமாதானம் உன் வீட்டில் தங்கட்டும். மூட்டு வலி அப்படியே இருக்கிறது. முக்காலி கொடுத்தார்கள். அதில் இப்போது மடத்துப் பூனை உட்கார்ந்திருக்கிறது.

சிம்ரன் ஜெயித்ததைச் சாப்பாட்டு நேரத்தில் மதர் எல்லோருக்கும் வாசித்துச் சொன்னார்கள். கோல்ஃப் என்றால் என்ன என்று கேரளத்துச் சகோதரி ஒருத்தி கேட்டாள். ஒரு பந்தை அடித்துவிட்டு அதன் பின்னாலேயே நாலு மணி நேரம் நடப்பது என்று சொன்னேன். பாவப் பரிகாரமா என்று கேட்கிறாள்.

அண்ணா, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. முன்பெல்லாம் நீ கோடு போடாத தாளில் எழுதினாலும் வரிகள் கயிறு கட்டியதுபோல் இருக்கும். இந்த முறை கோடு போட்ட தாளிலேயே வரி இறங்கி இறங்கிப் போகிறது. இரண்டு இடத்தில் எழுத்து மேல் எழுத்து விழுந்திருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா? கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தாய்?

எனக்கு மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மட்டும்தான் கடிதம் எழுத அனுமதி என்று உனக்குத் தெரியும். அதனால் கேட்டதற்குப் பதில் எழுது. விட்டால் இன்னொரு மாதம் காத்திருப்பேன்.

உன் தங்கை
மரியம்மாள்


முசரவாக்கம்
20.10.2024

அன்புத் தங்கைக்கு. எல்லோரும் நலம். பூனைக்கு என் விசாரிப்பைச் சொல்.

போன கடிதம் ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதியது. அந்த ரோடு போகிற போக்கில் வரி நேராக வந்திருந்தால்தான் ஆச்சரியம். அதைப் போய்க் கண்டுபிடித்தாயே, நீ மடத்துக்குப் போனது போலீசுக்குத்தான் நஷ்டம்.

லேசரைப் பற்றிச் சொல்கிறேன். முதலில் எனக்குப் பிடிக்கவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எனக்கா பிடிக்காது? அதை ஒரு நிமிஷம் கீழே வைப்பதில்லை. பூவராகவன் என்று இன்னொரு கேடி, "இன்னா சத்யா, பாத்தாலே சொல்லுவ, இப்ப எல்லாத்துக்கும் கண்ணாடி மாட்டிக்கினு நிக்கிற?" என்று கேலி செய்தான். மிஷின் வந்த பிறகு எவன்டா கண்ணால் அளப்பான் என்று வாயை அடைத்துவிட்டேன்.

சிம்ரன் அடுத்த வருஷம் தகுதிப் போட்டிக்குப் பேர் கொடுக்கப் போகிறாள். அதில் முதல் இருபது பேருக்குள் வந்தால் தொழில்முறை ஆட்டக்காரி என்று அட்டை கொடுப்பார்கள். அட்டை கிடைத்துவிட்டால் ஊர் ஊராகப் போய் ஆடலாம். அவளுக்கு வயது இருபத்தொன்று. வேறு எதிலும் மனசு போகவில்லை. நீயும் உன் சகோதரிமாரும் முழங்காலில் நின்று ஒரு ஜெபமாலை சொல்லுங்கள்.

உன் அண்ணன்
சத்யராஜ்


மடம்
10.11.2024

பிரிய அண்ணனுக்கு, ஆண்டவர் உன்னோடு இருப்பாராக. இங்கே மழை. ஓஸ்தி மாவு சரியாகக் காய்வதில்லை என்பதைத் தவிர வேறு குறையில்லை.

சர்க்கரையைப் பற்றிக் கேட்டேன். பஸ்ஸைப் பற்றி எழுதியிருக்கிறாய். இந்தக் கடிதமும் பஸ்ஸில்தான் எழுதினாயா? ஒரு பக்கத்துக்கு ஒன்பது வரிதான் இருக்கிறது. எழுத்து ஒவ்வொன்றும் கொட்டைப்பாக்கு அளவு.

டிசம்பர் ஒன்றாம் தேதி திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் வரை எங்களுக்குக் கடிதம் கிடையாது, எழுதவும் கூடாது, வந்தாலும் கையில் தரமாட்டார்கள். மதர் ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். தவக்காலத்திலும் அப்படித்தான். ஆனால் உயிர் போகிற விஷயம், குடும்பத்தில் பெரிய கஷ்டம் என்றால் விதிவிலக்கு உண்டு. கவரின் மேலே வலது மூலையில் சின்னதாக ஒரு சிலுவை போடு. பள்ளிக்கூடத்தில் நாம் நோட்டில் போடுவோமே, அந்த மாதிரி. அதைப் பார்த்தால் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள் என்று மதரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

டாக்டரைப் பார். இது வேண்டுகோள் இல்லை.

உன் தங்கை
மரியம்மாள்


முசரவாக்கம்
12.1.2025

அன்புள்ள அத்தைக்கு சிம்ரன் எழுதுவது. எப்படி இருக்கிறீர்கள்? நாங்கள் நல்லா இருக்கிறோம். அப்பாவுக்குப் பொங்கல் வாரத்தில் வேலை அதிகம், அதனால் என்னை எழுதச் சொன்னார். நான் கடைசியாகக் கடிதம் எழுதியது பத்தாவது பரீட்சையில், தலைமை ஆசிரியருக்கு லீவு கேட்டு. தப்பு இருந்தால் மன்னியுங்கள்.

தகுதிப் போட்டிக்கு என் பேர் வந்துவிட்டது. ஏப்ரல் ஒன்று, இரண்டு, மூன்று. பெங்களூருக்கு வெளியே ஒரு மைதானம். குமாரவேல் ஐயா ரயில் டிக்கெட் போட்டுவிட்டார்.

அப்பா நல்லா இருக்கிறார். போன வாரம் எட்டாம் குழி முடிந்ததும் என் பையைத் தூக்கிக்கொண்டு வேறு ஒரு அம்மாவின் பின்னாலேயே போய்விட்டார். அந்த அம்மாவும் என்னை மாதிரி வெள்ளைத் தொப்பி. நான் கூப்பிட்டதும் திரும்பி, "சும்மா தமாஷ் பண்ணேன்டி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

உங்களுக்கு அங்கே போர் அடிக்காதா அத்தை? தப்பாகக் கேட்டிருந்தால் விடுங்கள்.

அன்புடன்
சிம்ரன்


மடம்
9.2.2025

பிரிய அண்ணனுக்கு, கர்த்தரின் கிருபை உன்னைச் சூழ்ந்திருப்பதாக. நான் சுகம். சிம்ரனிடம், போர் அடிக்கும், செவ்வாய்க்கிழமைகளில் அதிகமாக அடிக்கும் என்று சொல்.

இனிமேல் சுற்றி வளைக்கப் போவதில்லை. சத்யா அண்ணா, உனக்குக் கண் தெரிகிறதா? பையைத் தூக்கிக்கொண்டு யார் பின்னாலேயோ போனாயாமே, அது தமாஷா? உன் மகள் அதைத் தமாஷ் என்று எழுதவில்லை, "எல்லோரும் சிரித்தார்கள்" என்று மட்டும் எழுதியிருக்கிறாள். தான் சிரித்ததாக எழுதவில்லை.

நான் இங்கே ஒரு கம்பிக் கதவுக்குப் பின்னால் இருக்கிறேன். உன்னைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போக முடியாது. ஒரு போன் போட்டு அண்ணியிடம் சொல்ல முடியாது. எழுதத்தான் முடியும், அதுவும் மாதத்துக்கு ஒரு தடவை. மார்ச் ஐந்து விபூதிப் புதன், தவக்காலம் தொடங்குகிறது. அன்றிலிருந்து ஏப்ரல் இருபது, உயிர்ப்பு ஞாயிறு வரை அதுவும் இல்லை. அதற்குள் எனக்கு உண்மையை எழுது. தள்ளிப்போனால் மூலையில் சிலுவை போட மறக்காதே.

உன் தங்கை
மரியம்மாள்


முசரவாக்கம்
14.3.2025

அன்புத் தங்கைக்கு. நீ சுகமா? நான் சுகம் இல்லை. மூலையில் சிலுவை போட்டிருக்கிறேன், அதனால் இது உன் கைக்கு வந்துவிடும்.

நீ கேட்டதற்குப் பதில். இடது கண் போன ஆடி மாதமே மங்கிவிட்டது. வலது கண்ணில் எல்லாம் பனி மாதிரி இருக்கிறது. காஞ்சிபுரத்தில் கண் டாக்டரைப் பார்த்தேன். சர்க்கரையால் கண்ணுக்குள் ரத்தம் கசிகிறதாம், ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று திட்டினார். உன் அண்ணியிடம் பல்வலி என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். மைதானத்தில் தெரிந்தால் அடுத்த நாள் உள்ளே விடமாட்டார்கள். சிம்ரனுக்குத் தெரிந்தால் அவள் ஆட்டம் கெடும்.

லேசர் இருந்ததால் இவ்வளவு நாள் ஓட்டினேன். கொடி எனக்குத் தெரியாது மரியா. கொடி இருக்கிற பக்கம் தோராயமாகக் காட்டி அமுக்குவேன். அது கொடியைப் பிடித்ததும் கையில் அதிரும். உள்ளே எண் சிவப்பாக எரியும், அந்தச் சிவப்பு மட்டும்தான் எனக்கு நன்றாகத் தெரிகிறது. அதைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். பிள்ளை நம்பி அடிக்கும்.

நேற்று போட்டிக்காரர்களிடமிருந்து விதிமுறை வந்தது. சிம்ரன் சத்தமாகப் படித்தாள். ஆட்ட நேரத்தில் தூரம் அளக்கும் கருவி எதையும் பயன்படுத்தக் கூடாது. முதல் தடவை மீறினால் அடித்த கணக்கில் இரண்டு அடி கூட்டிப் போடுவார்கள், குறைவான அடியில் முடிப்பவருக்குத்தானே முன் இடம். இரண்டாம் தடவை மீறினால் ஆட்டத்தை விட்டே வெளியே. ஆடுகிறவர் செய்தாலும் கேடி செய்தாலும் ஒன்றுதான். படித்துவிட்டு, "உனுக்கு எதுக்குப்பா லேசரு, நீதான் பாத்தாலே சொல்லுவியே" என்றாள். நானும் ஆமா என்றேன்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சொன்னால் பதினைந்து நாள் முன்னால் பிள்ளை உடைந்துபோகும். சொல்லாமல் போனால் நான் அவளைக் குளத்தில் தள்ளுவேன். நீ முடிவு செய். ஒரே ஒரு சொல் எழுது. "சொல்" என்று எழுதினால் அன்றைக்கே சொல்லிவிடுகிறேன், பூவராகவனை அவளோடு அனுப்பிவிடுகிறேன். முப்பதாம் தேதி ரயில். அதற்குள் உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லையென்றால், போய் வா என்று நீ சொல்வதாக வைத்துக்கொள்வேன்.

உன் அண்ணன்
சத்யராஜ்


முசரவாக்கம்
17.3.2025

அன்புள்ள அத்தைக்கு. நலமா? இதை அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவருக்குத் தெரியாமல் ஒரு கடிதம் எழுதுவது இப்போது ரொம்ப சுலபம், பக்கத்தில் உட்கார்ந்தே எழுதலாம். அதுதான் விஷயம்.

அப்பாவுக்குக் கண் தெரியவில்லை. கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் வாசலில் என் மத்தாப்பிலிருந்து அவர் மத்தாப்பைப் பற்ற வைக்கச் சொன்னேன். ஒரு சாண் தள்ளி வெறும் காற்றில் நீட்டிக்கொண்டு நின்றார். "ஈரமா இருக்குதுபோல, பத்த மாட்டேங்குது" என்றார். நான் என் மத்தாப்பை நகர்த்தி அவருடையதில் வைத்தேன்.

அன்றிலிருந்து கவனிக்கிறேன். லேசர் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. இந்தப் போட்டியில் லேசர் கிடையாது. எனக்குத் தூரம் நானே பார்த்துக்கொள்ள முடியும் அத்தை, தூரம் எல்லாம் குறித்த மைதானத்துப் படப் புத்தகம் கொடுப்பார்கள், எனக்கு அப்பா எண் சொல்லவே வேண்டாம். ஆனால் அதை அவரிடம் எப்படிச் சொல்வேன்? வேறு கேடியைக் கூட்டிப் போகிறேன் என்றால் ஏன் என்று கேட்பார். பூவராகவன் மாமா தயாராக இருக்கிறார்.

அப்பா உலகத்தில் யார் பேச்சையும் கேட்கமாட்டார், உங்கள் பேச்சைத் தவிர. "உடம்பைப் பார்த்துக்கொள், இந்த ஒரு தடவை வீட்டில் இரு" என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் இருந்துவிடுவார். எனக்குத் தெரியும் என்று மட்டும் எழுதாதீர்கள். முப்பதாம் தேதிக்குள் எழுதுங்கள், ப்ளீஸ்.

அன்புடன்
சிம்ரன்


மடம்
20.4.2025, உயிர்ப்பு ஞாயிறு

என் அண்ணனுக்கும் என் சிம்ரனுக்கும்.

இன்று காலைப் பூசை முடிந்து மதர் தகரப் பெட்டியைத் திறந்தார்கள். உங்கள் இரண்டு கடிதமும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. மற்றவர்கள் கேக் சாப்பிட்டார்கள். நான் இரண்டையும் வாசித்துவிட்டுத் தேதியைப் பார்த்தேன்.

அண்ணா, நீ சிலுவை போட்டாய். எனக்குத் தெரிகிறது. ஓஸ்தி அடுப்பின் ஆவியில் காட்டி ஸ்டாம்பைப் பிரித்தேன். அதன் கீழே இருந்தது. அழுத்தி, இரண்டு தடவை மேல் போட்டிருக்கிறாய். ஸ்டாம்புக்கு வெளியே ஒரு மயிரளவு கோடு தெரிந்ததாம், பேனா பட்டது என்று மதர் நினைத்தார்களாம். அவர்கள் அழுகிறார்கள், இரண்டாம் ஞாயிறு இல்லாவிட்டாலும் இன்றே எழுது என்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. கவரின் வலது மூலை ஸ்டாம்புக்கு உரிய இடம். இருபத்திரண்டு வருஷமாக நான் ஒரு ஸ்டாம்பு ஒட்டியதில்லை, வெளி வேலை பார்க்கும் சகோதரிதான் ஒட்டுவாள். அந்த மூலையை உனக்குச் சொன்னது நான். நான்தான் உன் சிலுவையை மூடினேன்.

ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் ஒரே தாளில் பதில் எழுதுகிறேன். வேறு வழி தெரியவில்லை. அண்ணா, அவளுக்கு டிசம்பரிலிருந்தே தெரியும். சிம்ரன், அவன் உன்னிடம் சொல்லத் தயாராக இருந்தான், என்னிடம் ஒரு சொல் கேட்டான். அந்தச் சொல்லை இப்போது எழுதுகிறேன். சொல்.

என்ன நடந்தது என்று யாராவது எனக்கு எழுதுங்கள்.

மரியம்மாள்


முசரவாக்கம்
8.6.2025

அன்புள்ள அத்தைக்கு. உடம்பு எப்படி இருக்கிறது? பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு மன்னியுங்கள். நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

முதல் இரண்டு நாள் நன்றாகவே போனது. போட்டிக்கு முந்தின நாள் லேசரோடு மைதானம் முழுக்க நடந்து, எந்த மரத்திலிருந்து எவ்வளவு என்று அப்பா மனப்பாடம் செய்திருந்தார். ஆனால் குழியை ஒவ்வொரு நாளும் இடம் மாற்றி வெட்டுவார்கள். அவர் சொன்ன எண்ணில் பத்து, பதினைந்து கஜம் தப்பு இருக்கும். நான் "சரிப்பா" என்று சொல்லி அவர் கொடுத்த மட்டையையே வாங்கிக்கொள்வேன். கையைக் கீழே இறக்கிப் பிடிப்பேன், இல்லை கொஞ்சம் கூட வேகம் கொடுப்பேன். பந்து சரியாகப் போய் விழும். அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு நாளும் அப்படி ஆடினேன் அத்தை. இரண்டாம் நாள் முடிவில் பன்னிரண்டாம் இடம்.

மூன்றாம் நாள் பதினாலாம் குழி. கொடி குளத்துக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கக் கரையில் சிவப்புச் சட்டை போட்ட ஆள் ஒருத்தர் நின்றார், பந்து எங்கே விழுகிறது என்று பார்க்கிறவர். அப்பா அவரைக் கொடி என்று நினைத்துவிட்டார். "நூத்தி இருவதுடி, நைன் அயர்ன் போதும்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். உண்மையில் நூற்று ஐம்பத்தைந்து. அந்த மட்டையால் எவ்வளவு அடித்தாலும் குளம் தாண்டாது. கூட ஆடியவர்கள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். வேறு மட்டை கேட்டிருக்க வேண்டும். கேட்டால் அவருக்குத் தெரிந்துபோகும், அதுவும் அத்தனை பேர் முன்னால். அதே மட்டையில் அடித்தேன். தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. காது அவருக்கு நன்றாகவே கேட்கும்.

பதினேழாம் குழியில் பையின் பின்னால் குனிந்து துண்டை முகத்தில் வைத்துக்கொண்டிருந்தார். வியர்வை துடைக்கிறார் என்று நினைத்தேன். துண்டுக்குள் லேசர் இருந்தது. நிமிர்ந்து எண்ணைச் சரியாகச் சொன்னார், ஒரு கஜம்கூடத் தப்பில்லை. அதில்தான் எனக்குத் தெரிந்தது.

வேறு யாரும் பார்க்கவில்லை. ஆனால் கணக்குத் தாளில் கையெழுத்துப் போடுகிற இடத்தில் என்னால் முடியவில்லை. என் கேடி ஒரு தடவை கருவியைப் பயன்படுத்தினார் என்று நானே சொன்னேன். இரண்டு அடி கூட்டினாலும் இருபதாவது ஆளாக உள்ளே இருப்பேன், கணக்குப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். அதிகாரி அப்பாவிடம், "ஒரு தடவைதானா?" என்று கேட்டார். நான் அப்பாவின் கையைப் பிடித்தேன். அழுத்தினேன்.

"ரெண்டு வாட்டி சார். பதினஞ்சாவதுலயும்" என்றார்.

ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ரயிலில் வரும்போது, "பொய் சொல்லி அட்டை வாங்கினா அது உன்னுதா இருக்காதுமா" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அப்போது அவர்மேல் எனக்குக் கோபம். இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

பிறகு உங்கள் கடிதம் வந்தது. "மரியா எழுதியிருக்குதா? படி, படி" என்று என் கையில் கொடுத்தார், கண்ணாடி உடைந்துவிட்டதாம். நான்தான் அத்தை சத்தமாகப் படித்தேன். டிசம்பரிலிருந்தே தெரியும் என்கிற வரியை விட்டுவிடலாமா என்று நினைத்தேன். முடியவில்லை, படித்துவிட்டேன்.

"அப்போ பதினாலாவதுல... தெரிஞ்சேதான் அடிச்சியா?"

"ஆமாம்பா."

எழுந்து உள்ளே போனார். கதவு நிலையைக் கையால் தடவிக்கொண்டு போனார். எங்கள் முன்னால் அப்படிப் போனது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அன்புடன்
சிம்ரன்


மடம்
13.7.2025

என் கண்ணு சிம்ரனுக்கு, மாதா உன்னைக் காப்பாற்றட்டும். நான் சுகம் என்று எழுதிப் பழகிவிட்டது. சுகம் இல்லை.

உன் கடிதத்தைக் கோவிலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஜெபிக்க வரவில்லை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. உன் கடிதத்திலும் அண்ணன் கடிதத்திலும் கெட்ட எண்ணம் ஒரு வரிகூட இல்லை, அதுதான் தாங்கவில்லை.

எனக்கு ஒரே ஒரு வாக்குக் கொடு. இனிமேல் உன் அப்பாவிடம் சின்னப் பொய்கூடச் சொல்லாதே. மங்கிவிட்டது என்றால் மங்கிவிட்டது என்று சொல். அவன் தடுக்கி விழுந்தால் விழுந்தாய் என்று சொல். அவன் மனசு நோகக் கூடாது என்றுதானே நீ குளத்தில் அடித்தாய்?

டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது. அண்ணன் எனக்கு எழுதி நாலு மாதம் ஆகிறது. எழுத முடியாது என்று தெரியும். ஒரு கோடாவது போடச் சொல். இனி அவசரம் என்றால் சிலுவையைக் கவரின் பின்பக்கம் போடுங்கள். பெரிதாகப் போடுங்கள்.

உன் அத்தை
மரியம்மாள்


முசரவாக்கம்
17.8.2025

அன்புள்ள அத்தைக்கு. கவரின் பின்பக்கம் தள்ளித் தள்ளி இரண்டு கோடு இருக்கும். பயப்படாதீர்கள், அவசரம் ஒன்றும் இல்லை. அது சிலுவை. அப்பா போட்டது. இரண்டு கோடும் ஒன்றையொன்று தொட்டுவிட்டதா என்று என்னைக் கேட்டார். இல்லைப்பா என்றேன். நீங்கள் கேட்ட வாக்கை அன்றைக்குக் காப்பாற்றினேன்.

டாக்டர் சொன்னதை எழுதுகிறேன். இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் ஊசி போடுகிறார்கள். முன்னால் கையை ஆட்டினால் நிழல் ஆடுவது தெரிகிறது, அவ்வளவுதான். அந்தச் சிவப்பு எண்ணும் இப்போது தெரிவதில்லை. அம்மா கம்பெனி கேன்டீனில் இரண்டு ஷிப்ட் போகிறாள். நான் மைதானத்தின் பயிற்சித் திடலில் பந்து பொறுக்குகிற வண்டி ஓட்டுகிறேன்.

அடுத்த வருஷத் தகுதிப் போட்டிக்கு அறிவிப்பு வந்திருக்கிறது. மார்ச் பத்தாம் தேதி. காலண்டரில் பார்த்தேன், மறுபடியும் உங்கள் தவக்காலம்தான். இன்னொன்றும் போட்டிருக்கிறார்கள். அடுத்த வருஷத்திலிருந்து தூரம் அளக்கும் கருவிக்கு அனுமதி உண்டாம். இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "நல்லதுதான்" என்றார். அப்புறம் சாப்பிடவில்லை.

லேசரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது குமாரவேல் ஐயா வாங்கவில்லை. "கொடுத்தத திருப்பி வாங்கற பழக்கம் எங்க வீட்ல இல்லம்மா" என்றார். அதனால் அப்பா சட்டைப் பையிலேயே இருக்கிறது.

திங்கட்கிழமை மைதானத்துக்கு விடுமுறை. போன திங்கள் அப்பாவை ஸ்கூட்டரில் உட்காரவைத்துப் பயிற்சித் திடலுக்குக் கூட்டிப் போனேன். அவர்தான் கேட்டார். எப்போதும் நிற்கிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். அங்கிருந்து மஞ்சள் கொடி நூற்று ஐம்பது கஜம், இருபது வருஷமாக அது மாறியதில்லை, அவருக்கும் தெரியும். லேசரை எடுத்துக் கண்ணில் வைத்து, இப்படியும் அப்படியும் கொஞ்சம் திருப்பி, அமுக்கினார். கையில் அதிர்ந்தது. முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா அத்தை.

"புடிச்சிக்கிச்சிடி! எவ்ளோ காட்டுது, பாரு."

வாங்கிப் பார்த்தேன். அறுபத்திரண்டு. அவர் காட்டியது வண்டி நிறுத்துகிற ஷெட்டின் தூண். கொடி அவருடைய வலது தோளுக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்தது.

"நூத்தம்பதுப்பா" என்றேன்.

"கொடிதானே?"

"கொடிதான்பா."

நீங்கள் கேட்ட வாக்கு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. அடுத்த திங்களும் கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் மூட்டு வலிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், வந்து சேர்ந்ததா என்று எழுதுங்கள்.

அன்புடன்
சிம்ரன்